பத்தடிக்குள் மூன்று மெஷின்

ஜூன் 3, திங்கள்

காலை எட்டு மணிக்கு இடிக்கிற வண்டி வந்தது. எட்டே முக்காலுக்கு என் கடையில் முன்பக்கம் பன்னிரண்டு அடி இல்லை. சாலையை அகலப்படுத்தப் போகிறோம் என்று ஒரு வருடத்துக்கு முன்பே சுவரில் சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கோட்டில் பிசகாமல் வெட்டினார்கள். தச்சன் என்ற முறையில் அந்த நேர்த்தியை நான் மெச்சத்தான் வேண்டும்.

முன்பு இருபத்திரண்டு அடி நீளம், எட்டடி அகலம். முன்னால் எட்டடியில் என் மனைவி வசந்தாமணியின் தையல் கடை. பின்னால் பதினாலு அடியில் என் மரப்பட்டறை. இப்போது எல்லாம் சேர்த்துப் பத்தடி. தாராபுரத்தில் இந்த ரோட்டில் இருக்கிற எல்லோர் கதையும் இதுதான்.

புழுதி அடங்குவதற்குள் நாட்டு மருந்துக் கடை திருமலைசாமி அண்ணன் வந்தார். அவருக்குக் கடை முழுவதுமே போய்விட்டது. பின் தெருவில் புது இடம் பிடித்திருக்கிறார்.

"குழந்தவேலு, எனக்குத் தொண்ணூத்தாறு டிராயர் வேணும். சுக்கு, திப்பிலி, கடுக்கான்னு ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு. ஆனி இருவத்தெட்டு, வெள்ளிக்கெழம பால் காச்சறோம். அத உட்டா ஆடி பொறந்துரும். பாதிக் கடைல உன்னால ஆகுமா?"

"ஆகுங்ணா" என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று அப்போது தெரியாது. ஆனால் சொன்னதும் உடம்பெல்லாம் ஒரு துள்ளல். பிளைவுட் ஏஜென்ட் கொடுத்த டைரி ஐந்து மாதமாகச் சும்மா கிடந்தது. இன்றிலிருந்து எழுதுகிறேன். இப்படி ஒரு வேலை தச்சனுக்கு ஒரு தடவைதான் வரும்.

வசந்தாமணி மெஷினை வீட்டில் உள் அறையில் போட்டுக்கொள்ளலாம். அதில் ஒன்றும் பிரச்சினை இல்லை.

ஜூன் 4

ரம்ப மேசை நாலடி. ரூட்டர் மேசை மூன்றடி. வேலை செய்கிற பெஞ்சு ஆறடி. பத்தடிக்குள் இவை மூன்றையும் வைத்தால் நான் வெளியே நின்றுதான் வேலை செய்ய வேண்டும்.

ஜூன் 6

கண்டுபிடித்துவிட்டேன்!

வசந்தாமணி வீட்டுக்குக் கொண்டுபோவதற்காகத் தையல் மெஷினை இறக்கிக்கொண்டிருந்தாள். அவளுடையது மடக்கு மேசை. மெஷினைச் சாய்த்தால் தலைகீழாக உள்ளே போய்த் தொங்கும், மேல் பலகையை மூடினால் வெறும் மேசைதான். நான் தரையில் உட்கார்ந்து ரம்ப மேசையையும் ரூட்டர் மேசையையும் பத்தாவது தடவையாகக் காகிதத்தில் நகர்த்திக்கொண்டிருந்தேன். ரூட்டர் என்பது கைக்குள் பிடிக்கிற மெஷின்தான். அதில் வேகமாகச் சுழலும் பிட்டு என்கிற அலகு மரத்தில் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுக்கும், ஓரம் உருட்டும். ஆனால் நூற்றுக்கணக்கில் காடி எடுக்க வேண்டுமானால் அதை ஒரு மேசையில் பொருத்த வேண்டும்.

"ரெண்டு மேச எதுக்குங்க?" என்றாள். "ரம்பத்துக்குப் பக்கத்துப் பலகைல ஒரு ஓட்டயப் போட்டு, இத மாதிரி அதயும் தலகீழாத் தொங்க உட்டா ஆகாதா?"

அப்போதுதான் எனக்குச் சட்டென்று அந்த யோசனை வந்தது. ஒரே பெட்டி. இடப்பக்கம் ரம்பம், வலப்பக்கப் பலகையின் அடியில் ரூட்டர். மரத்தைச் சாய்த்துத் தள்ளுகிற கைடு ஒன்றே இரண்டுக்கும் போதும். மேசை ஒன்று மிச்சம், கைடு ஒன்று மிச்சம்! இருபது வருட அனுபவம் சும்மா போகாது.

ஜூன் 8, சனி

வசந்தாமணி திருப்பூரில் அவள் அக்காவைப் பார்க்கப் போயிருக்கிறாள். படம் வரைந்து முடித்தேன். பெட்டி ஐந்தடி நீளம், மூன்றடி அகலம். அடியில் பூட்டுப் போட்ட நாலு சக்கரம். இடது ஓரத்தில் ஆணிக்கும் ஸ்க்ரூவுக்கும் ஐந்து சிறிய டிராயர். அந்த டிராயர்தான் படத்துக்கே அழகு.

ஜூன் 11

பிளைவுட் அறுத்தாகிவிட்டது. பழைய ரூட்டர் மேசையைப் பிரித்து உள் தடுப்புக்கு எடுத்துக்கொண்டேன்.

உயரம் எவ்வளவு வைப்பது என்று குழம்பினேன். வசந்தாமணியின் துணி வெட்டும் மேசை வீட்டு வாசலுக்குள் நுழையவில்லை, அதனால் கடையிலேயே நிற்கிறது. சாப்பாடு கொண்டுவந்தவள் அதைக் காட்டி, "அதோட மட்டத்துக்கே வெச்சீங்கன்னா, நீட்டப் பலகை ரம்பத்தத் தாண்டி அது மேல போயிப் படுத்துக்குமல்ல?" என்றாள்.

நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். முப்பத்துநாலு அங்குலம். வெட்டு மேசை இனி எனக்குப் பெஞ்சும் ஆயிற்று. ஆறடி பெஞ்சு தேவையே இல்லை!

ஜூன் 13

பெட்டி எழுந்து நின்றுவிட்டது. ஒரு விரலால் தள்ளினேன், உருண்டது. மூன்று தடவை கடையைச் சுற்றி உருட்டினேன். ரோட்டில் போனவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஜூன் 15, சனி

வசந்தாமணி மறுபடியும் திருப்பூர் போயிருக்கிறாள். அக்காவுக்கு முட்டி வலியாம்.

வேலை நேரத்தில் தொந்தரவு. ஒரு அம்மா ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்தார். வீட்டில் தைக்கிறாள், அங்கே போங்கள் என்றேன். "ஊட்டுக்குள்ளங்களா? அரிசி மூட்டைக்கு நடுவுல நின்னு அளவு குடுக்கறதுக்குக் கூச்சமா இருக்குதுங்க, வெளிச்சமும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, துணியைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். இந்த வாரத்தில் இவர் நாலாவது ஆள். வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொன்னால் நான் எப்போது ரம்பத்தைப் பொருத்துவது?

ஜூன் 18

ரம்பம் ஓடியது. மெழுகை அறுப்பது மாதிரி அறுத்தது. ஓட்டமாக ஓடிப்போய் டீக்கடையில் எல்லோருக்கும் சொன்னேன்.

மத்தியானம் ரூட்டர். டிராயர் பக்கப் பலகை பன்னிரண்டில் காடி எடுத்தேன். முதல் பலகையில் ஆழம் ஆறு மில்லிமீட்டர், பன்னிரண்டாவதில் நாலரை. பிட்டைக் கழற்றி மாட்டினேன், நட்டை முறுக்கினேன், ரூட்டரைத் திட்டினேன். பன்னிரண்டும் வீண்.

வசந்தாமணி வந்தாள். இரும்பு ஸ்கேலை மேசைப் பலகையின் மேல் குறுக்கே நிறுத்தி, குனிந்து பார்த்தாள். "அடியில வெளிச்சம் தெரியுதுங்க. வெயிட்டுக்குப் பலக தொய்யுது."

ரூட்டரின் பாரத்தில் பலகை நடுவே இறங்கியிருக்கிறது. இதை நானே கண்டுபிடிக்க இருந்தேன்.

ஜூன் 19

பலகைக்கு அடியில் இரண்டு இரும்பு ஆங்கிள் வைத்து முறுக்கினேன். ஐம்பது பலகை, ஐம்பதிலும் ஆறு மில்லி. காடிக்குள் விரலை ஓட்டிப் பார்த்தேன். கண்ணாடி.

"பலகையப் புடிச்சிட்டு இருக்கறப்ப, தெரியாம ரெண்டும் ஓடிச்சுன்னா?" என்று வசந்தாமணி கேட்டாள். பாதுகாப்பு விஷயத்தில் நான் எப்போதுமே கவனமானவன். ஒரே சுவிட்ச் வைத்தேன்; இந்தப் பக்கம் தள்ளினால் ரம்பம், அந்தப் பக்கம் தள்ளினால் ரூட்டர்.

ஜூன் 21

முப்பது டிராயர் முடிந்தது. மரத்தூள்தான் மூச்சை அடைக்கிறது. பெட்டியின் அடியில் ஓட்டை போட்டு, வசந்தாமணி தைத்துக் கொடுத்த துணிப் பையைக் கட்டினேன். நல்ல நெருக்கமான துணி, வாயில் நாடா. பாதித் தூளைப் பிடிக்கிறது. பை வைக்கலாம் என்றது யார் என்று ஞாபகம் இல்லை.

ஜூன் 23, ஞாயிறு

மகள் பிரவீணா போன் செய்தாள். கோவையில் நர்சிங் படிக்கிறாள். பெட்டியைப் பற்றி அரை மணி நேரம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரிப்பா. ஒண்ணாந்தேதில இருந்து அம்மா வேலைக்குப் போயிட்டா, மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

"எந்த வேலைக்கு?"

"அம்மா சொல்லலியா?" என்றாள்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. தையல் லைனுக்கு சூப்பர்வைசர். இரண்டு சனிக்கிழமையும் போனது அக்கா முட்டிக்காக இல்லை. காலை ஆறே காலுக்கு வேன் வரும், திரும்பி வர ராத்திரி ஒன்பது ஆகும்.

வசந்தாமணி கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். போய் நின்றேன்.

"ஏம்புள்ள, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கோணும்னு தோணலியா உனக்கு?"

அவள் கையில் இருந்த வேட்டியை உதறிக் கொடியில் போட்டாள். நிதானமாக நாலு மூலையும் இழுத்துவிட்டாள்.

"நீங்க எங்கிட்டக் கேட்டீங்களா?"

"என்னத்த?"

"கடைய இடிச்ச அன்னிக்கி, புழுதி கூட அடங்கல, 'உன்ற மெஷின உள் ரூம்ல போட்டுக்க'ன்னீங்க. பதினாறு வருசமா நானும் அந்தக் கடைல நின்னவதானுங்க. ரம்பத்துக்கு எடம் பாத்தீங்க, ரூட்டருக்கு எடம் பாத்தீங்க, ஸ்க்ரூவுக்கு அஞ்சு டிராயர் போட்டீங்க. மரத்தூளுக்குக் கூட எடம் பாத்தீங்க." அவள் குரல் உயரவேயில்லை. "எனக்கு எங்கன்னு ஒரு நாள் கேப்பீங்கன்னு பாத்தேன்."

"நீ சொல்லியிருந்தீன்னா..."

"சொல்லிச் சொல்லித்தானுங்களே அந்தப் பொட்டி நிக்குது."

பக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 24

வேலைக்குப் போகவில்லை. இந்த டைரியை முதல் பக்கத்திலிருந்து படித்தேன்.

சில திருத்தங்கள். ஆறாம் தேதி யோசனை வசந்தாமணியுடையது. பதினோராம் தேதி உயரமும். பதினெட்டாம் தேதி நான் எதையும் கண்டுபிடிக்க இருக்கவில்லை. இன்னும் நூறு பலகையை வீணாக்கியிருப்பேன். ஒரே சுவிட்ச் அவள் சொன்னது. பையும் அவள் சொன்னதுதான், அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஜூன் 25

காலையில் அவளைக் கடைக்குக் கூட்டிப்போனேன். டேப்பை அவள் கையில் கொடுத்தேன்.

"உனக்கு எவ்வளவு வேணும்னு நீயே அளந்து சொல்லு. வேலைக்குப் போறதும் போகாததும் உன் இஷ்டம். ஆனா உனக்கு எடம் இல்லாததால போறேன்னு ஆகக் கூடாது."

அவள் டேப்பை இழுத்தாள். கடை அகலம் எட்டடி. பெட்டி ஐந்தடியை அடைத்துக்கொண்டு குறுக்கே நிற்கிறது. மிச்சம் மூன்றடி.

"மூணடில மெஷினப் போட்டா நாற்காலி போட முடியாதுங்க. இன்னும் பத்து அங்குலம் இருந்தா வாசப்பக்கம் வெளிச்சத்துல உக்காந்துருவேன். அந்த மூலைல திரை கட்டுனா பொம்பளைங்க நின்னு அளவு குடுக்கலாம்." சொல்லிவிட்டு அவளே தலையாட்டினாள். "ஆனா பொட்டிதான் முடிஞ்சிருச்சே."

பெட்டியைப் பார்த்தேன். இடது ஓரத்தில் அந்த ஐந்து டிராயர். அகலம் சரியாகப் பத்து அங்குலம்.

"வெட்டிறலாம்" என்றேன்.

"ஏனுங்க, வேண்டாங்க! ஒட்டி முறுக்குனத யாராச்சும் வெட்டுவாங்களா?"

எனக்கு அந்த நொடியில் வந்த உற்சாகம் பெட்டி முதன்முதலாக எழுந்து நின்ற அன்றுகூட வரவில்லை. கை ரம்பத்தை எடுத்தேன்.

ஜூன் 26

வெட்டியாகிவிட்டது. அவள் மறுமுனையைத் தாங்கிப் பிடித்தாள். டிராயர்கள் ஐந்தும் தனியாக விழுந்தபோது மனசு ஒரு துளி வலித்தது, ஒளிக்காமல் எழுதுகிறேன். இப்போது பெட்டி ஐம்பது அங்குலம். வெட்டின பக்கத்தைப் புதுப் பலகை வைத்து மூடினேன். ஸ்க்ரூ டப்பாக்கள் சுவரில் ஏறிவிட்டன.

ஜூன் 28

திருமலைசாமி அண்ணன் வந்து எண்ணிப் பார்த்தார். முப்பத்தாறு டிராயர்.

"ஏப்பா, ஒரு வாரமா ஆறே ஆறுதானா? பத்திரிக அடிச்சுக் குடுத்தாச்சு! சுக்கயும் மொளகயும் தரைல கொட்டி வெச்சா பால் காச்சறது?"

"வந்துருங்ணா."

"பொட்டிய ஏன் வெட்டுன? நல்லாத்தான இருந்துது?"

"தப்பா அளந்துட்டேனுங்ணா" என்றேன். வசந்தாமணி சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரிந்தது. ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு.

ஜூன் 30, ஞாயிறு

நாளைக்கு ஒன்றாம் தேதி. அவள் எதுவும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அவளுடைய பச்சைச் சேலை இஸ்திரி போட்டு நாற்காலியில் மடித்து இருக்கிறது.

ஜூலை 1, திங்கள்

ஆறே காலுக்குத் தெரு முக்கில் வேன் ஹாரன் அடித்தது. பச்சைச் சேலையில் வசந்தாமணி வாசலைத் தாண்டிப் போனாள். நான் பல் தேய்ப்பதாகப் பாவனை செய்துகொண்டு பார்த்தேன். டிரைவரிடம் என்னவோ பேசினாள். வேன் கிளம்பியது. தூசி அடங்கின பிறகு பார்த்தால் அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

திரும்பி வந்து, "டிரைவர் போன்லயே கம்பெனி மேடத்துக்கிட்டப் பத்து நாள் டைம் கேட்டேனுங்க. மேடம் சரின்னுட்டாங்க" என்றாள். "ஆனா ஒண்ணு. கல்யாண ஜாக்கெட் மேல ஒரு துளி மரத்தூள் உழுந்தாலும் நான் வேன்ல ஏறிருவேன்."

ஒரு வாய் நுரையோடு தலையை ஆட்டினேன்.

ஜூலை 3

பரீட்சை நாள். தையல் மெஷினை வாசல் பக்கம் போட்டோம். வசந்தாமணி ஒரு கறுப்பு வெல்வெட் துண்டை அதன் மேல் விரித்தாள். "இப்ப அறுங்க."

பத்துப் பலகை அறுத்தேன். வெல்வெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மாவு தூவின தோசைக்கல் மாதிரி இருந்தது.

இரண்டு பேரும் தரையில் படுத்து, பெட்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தோம். ரம்பத்துக்குப் பின்புறம் திறந்து கிடக்கிறது. தூள் பைக்குள் விழாமல் அந்த வழியாகப் பறக்கிறது. அதைப் பலகை வைத்து அடைத்தேன். அவள் பையைப் பிரித்து, வாயை இரட்டை மடிப்பாக்கித் தைத்தாள். கைடுக்குப் பின்னால், தூளை உறிஞ்சுகிற வேக்குவம் கிளீனரின் குழாயைச் செருகினோம். பெட்டிக்கும் மெஷினுக்கும் நடுவே தடித்த பிளாஸ்டிக் திரை தொங்கவிட்டோம்.

மறுபடி பத்துப் பலகை. மறுபடி வெல்வெட்.

அவள் தூக்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். விரலால் தடவி, விரலையும் பார்த்தாள்.

"இருக்குதா?" என்றேன்.

"மூணு துளி."

நாலாவது தடவையில் ஒன்றும் இல்லை! அதற்குள் மணி நாலு. சாப்பிடவே மறந்திருந்தோம்.

ஜூலை 5

ஏற்பாடு இப்படி: காலை ஆறிலிருந்து பத்து வரை ரம்பமும் ரூட்டரும். பத்து மணிக்கு ஈரத்துணியால் துடைத்து, வெட்டு மேசையில் வெள்ளை விரிப்பு. அதன் பிறகு அவள் துணி வெட்டலாம். நான் பெட்டியைச் சுவரோடு தள்ளிவிட்டு, டிராயர்களைத் தெரு நிழலில் வைத்து ஒட்டுகிறேன். நாலு மணி நேரம்தான் என்று தெரிந்ததாலோ என்னவோ, கை பறக்கிறது. இன்று மட்டும் பதினொன்று. மொத்தம் அறுபத்தெட்டு.

அரிசி மூட்டைக்கு நடுவே நிற்க மாட்டேன் என்று போன அம்மா திரும்பி வந்தார். இரண்டு ஜாக்கெட்.

ஜூலை 9

தொண்ணூறு.

ரூட்டரை நிறுத்தின நேரத்தில் அவள் போன் அடித்தது. கம்பெனி மேடம். வசந்தாமணி மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. தோளில் போனை இடுக்கிக்கொண்டு ஊசிக்கு நூல் கோத்தபடியே பேசினாள்.

"இல்லீங் மேடம். நல்ல வேலதானுங். ஆனா எனக்கு இங்கியே கடை இருக்குதுங்."

நான் மறுபடி சுவிட்சைப் போட்டேன். காடி எடுக்க வேண்டிய பலகை கையில் இல்லை என்பதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன்.

ஜூலை 11

தொண்ணூற்றாறு! மாட்டு வண்டி, குட்டி யானை என்கிற மினி லாரி, கடைசியில் ஒரு சைக்கிள், எல்லாவற்றிலும் ஏற்றிப் பின் தெருவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். புதுக் கடையில் ஏற்கனவே நின்ற அலமாரிக்குள் எல்லா டிராயரும் இடித்துக்கொள்ளாமல் போயின.

ஜூலை 12, வெள்ளி

பால் பொங்கிற்று. திருமலைசாமி அண்ணன் வருகிறவர்களுக்கெல்லாம் டிராயரை இழுத்து இழுத்துக் காட்டினார். கடையே அதிமதுர வாசம். ஒரு விரலால் தள்ளினால் டிராயர் தானாக உள்ளே போவதை அவர் குழந்தை மாதிரி ரசித்தார்.

அங்கிருந்து நேராக ஐந்தாறு பேர் எங்கள் கடைக்கு வந்துவிட்டார்கள். எல்லோரும் இந்த ரோட்டுக்காரர்கள், கடை பாதியாகிப் போனவர்கள். நான் பெட்டியை உருட்டிக் காட்டினேன். ரம்பத்தை ஓட்டினேன், சுவிட்சைத் தள்ளினேன், ரூட்டரை ஓட்டினேன். பக்கத்திலேயே வசந்தாமணி ஒரு பட்டு ஜாக்கெட்டுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

செல்போன் ரிப்பேர்க் கடை அங்கமுத்து பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "எனக்கு ஆறடிதான் மிஞ்சியிருக்குதுங்க. ரிப்பேர் மேசையும் வேணும், கண்ணாடிப் பொட்டியும் வேணும். இந்த மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு பண்ணித் தர முடியுங்களா? யாருங்க இத யோசிச்சது, நீங்களா?"

பழக்கதோஷத்தில் என் வாய் திறந்துவிட்டது. திறந்த வாயை என்ன செய்வது?

"அவதானுங்க" என்றேன். "அறுக்கறது மட்டுந்தான் நானு."

எல்லோரும் திரும்பினார்கள். தையல் சத்தம் நின்றது. வசந்தாமணி ஜாக்கெட்டை மடித்துப் பத்திரமாக ஓரமாக வைத்தாள். எழுந்து வந்தாள். என் சட்டைப் பையில் இருந்த டேப்பைக் கேட்காமலே உருவிக்கொண்டாள்.

"வாங்கண்ணா, போயிப் பாத்துரலாம்" என்றாள் அங்கமுத்துவிடம். "ஆறடிங்கறது சரி. அகலம் எத்தன? நீங்க உக்காந்து வேல பாப்பீங்களா, நின்னுக்கிட்டா?"

இரண்டு பேரும் பேசிக்கொண்டே ரோட்டில் இறங்கினார்கள். நான் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.